கவனம் சிதறாதவர்

பம்பு கம்பெனியை இழுத்து மூடிய அன்று ஸ்டோர்காரர் அழவில்லை. அழ நேரமில்லை. இருப்பைச் சரிபார்த்து ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கடைசி வாஷர் வரை ஒப்படைத்துவிட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வெளியே வந்த பிறகுதான், நாளைக்குக் காலையில் எழுந்து எங்கே போவது என்று யோசித்தார். ஐம்பதைத் தாண்டிய ஆளை யார் கூப்பிடுவார்கள்? கூப்பிட்டது ஒரே ஒரு இடம்தான். அதன் பெயர் திறன் உயர்த்தும் வாரியம்.

வாரியம் என்றால் ஏதோ பழைய ஃபேன் சுற்றுகிற ஆபீஸ் என்று நினைத்துவிடக் கூடாது. முழுக்கக் கண்ணாடிக் கட்டடம். உள்ளே கால் வைத்தாலே குளிரும். வேலை இல்லாதவர்களுக்கு வேலை கிடைக்கச் செய்வதுதான் அதன் வேலை. அந்த வேலையைச் செய்வதற்காக ஏராளமான பேருக்கு அங்கே வேலை கிடைத்திருந்தது. ஆகவே வாரியத்தால் யாருக்கும் வேலை கிடைக்கவில்லை என்று ஒருவரும் நாக்கின் மேல் பல்லைப் போட்டுப் பேச முடியாது.

வாரியத்தின் சொந்தக் கிடங்கிலேயே உதவியாளர் இடம் ஒன்று காலியாக இருந்தது. ஸ்டோர்காரர் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு போய் நின்றார். பிரிவு அதிகாரி தங்கமான மனிதர். எதிர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"உங்களுக்கு என்ன தெரியும்?"

"ஸ்டோர் வேலை தெரியும் சார். இத்தனை வருஷமும் அதுதான்."

"அது உங்களுக்குத் தெரியும். எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கிடங்கைக் காட்டுங்க சார். செஞ்சு காட்டறேன்."

அதிகாரி பதறிப்போய் எழுந்துவிட்டார். "செஞ்சு காட்டறதா? நல்லா இருக்கே! செஞ்சு காட்டினா உங்களுக்குச் செய்யத் தெரியும்னு மட்டும்தான் தெரியவரும். திறன் இருக்கான்னு எப்படித் தெரியும்?"

ஸ்டோர்காரருக்குத் தலை சுற்றியது. படித்த மனிதர் சொல்கிறார், ஏதாவது இருக்கும் என்று தலையை ஆட்டி வைத்தார்.

"கவலையே படாதீங்க," என்றார் அதிகாரி. "உங்களை மாதிரி ஆளுங்களுக்காகத்தான் குறும்படிப்புகள் வச்சிருக்கோம். எல்லாம் ஆன்லைன். வீட்டிலேயே உட்கார்ந்து படிக்கலாம். ஒவ்வொண்ணும் ஒரு டீ குடிக்கிற நேரம்தான். முடிச்சிட்டு வாங்க, கிடங்கு உங்களுக்குத்தான்."

முதல் படிப்பின் பெயர் 'ஆன்லைனில் படிப்பது எப்படி'. அதை ஆன்லைனில்தான் படிக்க வேண்டும். ஆன்லைனில் படிக்கத் தெரியாதவர்கள் அதில் சேர முடியாது, தெரிந்தவர்களுக்கு அது தேவையே இல்லை. வாரியத்திலேயே அதிகம் பேர் தேறிய படிப்பு அதுதான் என்று அதிகாரி பெருமையோடு சொல்லி அனுப்பினார்.

ஸ்டோர்காரரின் மனைவி தையல்காரி. கால்சட்டைக்கு மடிப்படிப்பது, ஜிப் மாற்றுவது, பள்ளிச் சீருடை தைப்பது. கம்பெனி மூடியதிலிருந்து வீட்டில் உலை கொதித்தது அவள் கையால்தான். முன்னறை ஜன்னலோரம் அவள் மெஷின் இருந்தது. வெளிச்சமும் காற்றும் வருகிற இடம் அந்த வீட்டில் அது ஒன்றுதான். சரக்கு வேன் ஓட்டுகிற அவள் தம்பி தன்னுடைய பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து, மெஷினை ஓரமாக நகர்த்திவிட்டு அதே இடத்தில் வைத்தான்.

"படிச்சுப் பெரிய ஆளாயிடுங்க மாமா. எங்களை மறந்துடாதீங்க," என்றான்.

திரையின் மூலையில் சின்னதாக ஒரு கண் படம் இருந்தது. படிக்கிறவர் திரையைத்தான் பார்க்கிறாரா என்று அது கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கும். பார்வை நகர்ந்தால் சிவக்கும். இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் பாடத்தை முதலிலிருந்து ஆரம்பித்துவிடும். மனைவி அதைக் குனிந்து பார்த்தாள்.

"என் நாத்தனார் மாதிரியே இருக்கு. ஒரு துரும்பைக் கிள்ளிப் போடாது. எல்லாத்தையும் பார்க்கும், போய்ச் சொல்லும்."

நாத்தனார் என்றால் ஸ்டோர்காரருக்கு அக்கா. அவர் அவசரமாகத் திரையைத் துடைக்க ஆரம்பித்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் கண்ணுக்கு நாத்தனார் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இரண்டாவது படிப்பு 'இருக்கையில் அமர்தல்: ஓர் அறிமுகம்'. டை கட்டிய ஒரு இளைஞர் திரையில் தோன்றி, "வணக்கம் கற்போரே! நாற்காலி என்பது என்ன?" என்று கேட்டார். ஸ்டோர்காரருக்கு அப்போது பார்த்து நல்ல ஜலதோஷம். தும்மினால் கண் மூடும். கண் மூடினால் நாத்தனாருக்குப் பொறுக்காது. பாடம் மறுபடியும் தொடங்கும். "வணக்கம் கற்போரே! நாற்காலி என்பது என்ன?" ஜலதோஷம் விடும்வரை அவரால் அந்தக் கேள்வியைத் தாண்ட முடியவில்லை.

அதைவிடப் பெரிய தொல்லை தையல் மெஷின். அது ஓடினால் 'அயல் ஒலி' என்று திரையில் எச்சரிக்கை வந்து பாடம் நின்றுவிடும். மெஷின் சமையலறை மூலைக்குப் போயிற்று. கதவைச் சாத்திவிட்டு, பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு அவள் தைத்தாள்.

"என் மெஷின் சத்தம் உங்க படிப்புக்கு ஆகலையாக்கும்? அந்தச் சத்தத்துலதாங்க நீங்க சாப்பிடறீங்க."

"கொஞ்ச நாள் பொறுத்துக்கம்மா. கிடங்கு வேலை கிடைச்சிட்டா நீ தைக்கவே வேண்டாம்."

"தைக்க வேண்டாம்னு நான் எப்பங்க கேட்டேன்? ஜன்னலைக் குடுங்கன்னுதான் கேக்கறேன்."

ஜன்னலைக் கொடுக்க முடியவில்லை. முகத்தில் வெளிச்சம் விழாவிட்டால் நாத்தனாருக்கு ஆள் அடையாளம் தெரியாது.

படிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 'குழுவாகப் பணியாற்றுதல்' என்ற படிப்பைத் தனியறையில், கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, ஒற்றை ஆளாகப் படிக்க வேண்டும். தாழ்ப்பாளை மறந்துபோன ஒருநாள் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். 'இரண்டாம் நபர்' தென்பட்டதால் அவருக்குக் கூட்டு மனப்பான்மையில் பூஜ்யம் விழுந்தது. 'பதற்றமின்றி வேலை செய்தல்' படிப்பில் திரை முழுக்கச் சிவப்புக் கடிகாரம் ஓடியது. அது நிற்பதற்குள் முடிக்காதவர்கள் நிதானம் இல்லாதவர்கள். 'நேர்மை' படிப்பில் ஒரே கேள்விதான்: நீங்கள் எப்போதாவது பொய் சொன்னதுண்டா? 'உண்டு' என்று போட்டார். நேர்மை போதவில்லை என்று தோல்வி. மறுபடி எழுதி 'இல்லை' என்று போட்டார். பொய் சொல்கிறீர்கள் என்று தோல்வி.

உதவி மையத்துக்குப் போன் போட்டார். ஒரு பெண் எடுத்தாள்.

"உங்கள் வருத்தத்தை என்னால் உணர முடிகிறது."

"அம்மா, நேர்மையில ரெண்டு பக்கமும் அடிக்குதும்மா. எதைத்தான் போடறது?"

"உங்கள் வருத்தத்தை என்னால் நன்றாகவே உணர முடிகிறது."

"உணர்ந்துட்டீங்க, சரி. பதில் சொல்லுங்களேன்."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சார், நானும் படிச்சிட்டுத்தான் இருக்கேன். 'பரிவோடு கேட்டல்'. நீங்க முழு நட்சத்திரம் போட்டாத்தான் எனக்கு அடுத்த மாசம் இந்த சீட்டு. பதில் சொல்றது வேற படிப்பு சார். அதுல நான் இன்னும் சேரவே இல்லை."

ஸ்டோர்காரர் முழு நட்சத்திரம் போட்டார். பாவம், அதுவும் வயிற்றுப்பாட்டுக்குத்தானே படிக்கிறது. பிறகு 'நேர்மை'யை மச்சான் ஒரே நிமிடத்தில் முடித்துக் கொடுத்தான். இரண்டு கட்டத்தையும் ஒன்றாக அமுக்கினால் தேறிவிடலாம் என்று வேன் ஸ்டாண்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இப்படியாக எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு அவர் வாரியத்துக்குப் போனார். அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"உட்கார முடியாதே சார்."

"ஏன் சார்? நாற்காலி காலியாத்தானே இருக்கு?"

"நாற்காலி காலிதான். உங்க 'இருக்கையில் அமர்தல்' காலாவதி ஆயிடுச்சு. குறும்படிப்பு பாருங்க, ஆயுளும் குறைச்சல்தான். இப்போதைக்கு உங்களுக்கு உட்காரத் தெரியாது. தெரியாத ஆளை உட்கார வச்சு ஏதாவது ஆச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும்."

ஸ்டோர்காரர் நின்றுகொண்டே கேட்டார். "சார், இதுவரைக்கும் படிச்சு முடிச்ச யாருக்காவது வேலை கிடைச்சிருக்கா?"

அதிகாரிக்கு முகம் சுருங்கிவிட்டது. மனிதர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "எல்லாரும் இதையேதான் கேக்கறீங்க. வேலை கிடைச்சவன் என்ன பண்றான் தெரியுமா? படிப்பை விட்டுடறான். நாங்க பாடுபட்டு வளர்த்த ஒரு மாணவன் கைவிட்டுப் போறான். போன வருஷம் அப்படி ரெண்டு மூணு பேரைப் பறிகொடுத்துட்டோம். மேலிடத்துல என்னைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டாங்க." பிறகு மனமிரங்கினார். "சரி, உங்க வயசைப் பார்த்தாப் பாவமா இருக்கு. பழசையெல்லாம் நான் புதுப்பிச்சுத் தர்றேன். 'பணியிடப் பாதுகாப்பு' ஒண்ணு மட்டும் எழுதிடுங்க. ஆனா அது பாடம் இல்லை, தேர்வு. ஒரே தடவைதான். சத்தம் வந்தா பதிவாகும், பரவாயில்லை. தலை திரும்பினா தேர்வு ரத்து, அப்புறம் கிடங்கை மறந்துட வேண்டியதுதான்."

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது மனைவிகூடச் சிரித்தாள். "ஒரு பரீட்சைதானே? எழுதிட்டு வாங்க. நான் மூச்சுக்கூட விடலை."

அவள் சொன்னபடியே நடந்துகொண்டிருப்பாள். ஆனால் தேர்வன்று மத்தியானம் பள்ளியிலிருந்து ஆள் வந்து சீருடைகளை வாங்கிப் போவதாக இருந்தது. தைத்து முடித்த மூட்டை முன்னறைப் பரணில் கிடந்தது. ஸ்டோர்காரர் கதவைச் சும்மா சாத்தியிருந்தார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் மெல்லத் திறந்து உள்ளே வந்தாள். கேமராவில் விழாமல் சுவரோடு ஒட்டி நடந்து, லேப்டாப்புக்குப் பின்பக்கமாகப் பரணுக்குக் கீழே ஸ்டூலைப் போட்டு ஏறினாள். ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை.

"ஏங்க," என்றாள் கிசுகிசுப்பாக. "ஆடுதுங்க. ஒரு நிமிஷம் பிடிங்க."

திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது. உடன் பணிபுரிபவர் உயரத்தில் ஏறியிருக்கிறார். அவர் நிற்கும் பலகை ஆடுகிறது. நீங்கள் என்ன செய்ய வேண்டும்? ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும் என்பது ஒரு விடை. உரக்கக் கூவி எச்சரிக்க வேண்டும் என்பது இன்னொன்று. மேலதிகாரிக்குத் தெரிவித்துவிட்டு அவருடைய அறிவுரைக்குக் காத்திருக்க வேண்டும் என்பது மூன்றாவது.

"ஏங்க, மூட்டை கனமா இருக்குங்க. வாங்களேன்."

ஸ்டோர்காரருக்கு நன்றாகவே கேட்டது. அவளுடைய சேலை ஓரம் திரைக்கு மேலே அசைவதும் தெரிந்தது. எழுந்தால் நான்கு எட்டுதான். மூலையிலிருந்த கண் அவரையே பார்த்தது, அவர் அதையே பார்த்தார். இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் ஒரு நிமிடத்தில் பாழாகிவிடுமே என்று நினைத்தார். இத்தனை தரம் ஏறியவள்தானே, இன்றைக்கும் இறங்கிவிடுவாள் என்றும் நினைத்தார். முதல் இரண்டு விடைகளும் உணர்ச்சிவசப்படுபவர்களுக்கானவை என்று பாடத்தில் சொல்லியிருந்தார்கள். மூன்றாவதை அமுக்கினார். சரியான விடை என்று திரையில் பச்சை விளக்கு எரிந்தது.

"ஏங்க!"

அதற்குப் பிறகு விழுந்த சத்தம். அதற்குப் பிறகு அவள் அம்மா, அம்மா என்று முனகுகிற சத்தம். இன்னும் சில கேள்விகள் பாக்கி இருந்தன. எல்லாவற்றுக்கும் அவர் விடை போட்டார். ஒன்றுகூடத் தப்பாகவில்லை. திரையில் வண்ணக் காகிதங்கள் பறந்து 'வாழ்த்துகள்' என்று வந்த பிறகுதான் எழுந்து ஓடினார்.

அவள் தம்பி வேனை எடுத்துக்கொண்டு வந்தான். ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். வலது மணிக்கட்டு நொறுங்கியிருந்தது. கட்டுப் போட்டு, மாதக்கணக்கில் கையை ஆட்டாமல் வைத்திருக்க வேண்டும் என்றார். ஊசி நூல் கோக்க முடியுமா என்று அவள் கேட்டதற்கு, அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வேனில் திரும்பும்போது அவள் கேட்டாள். "நான் கூப்பிட்டது உங்களுக்குக் கேக்கவே இல்லையா?"

"இல்லம்மா. பரீட்சை மும்முரத்துல காதே அடைச்சுப் போச்சு."

அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அதானே. கேட்டிருந்தா வராம இருப்பீங்களா?" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த வார்த்தைக்குப் பதில் அவள் நாலு அறை அறைந்திருக்கலாம். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதியை நினைத்துத்தான் அவருக்கு அசிங்கமாக இருந்தது.

சில நாளில் வாரியத்திலிருந்து போன் வந்தது. தேர்வுப் பதிவைப் பார்த்தார்களாம், இயக்குநரே நேரில் வரச் சொல்கிறாராம், மனைவியையும் கூட்டி வர வேண்டுமாம். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்துக்கொண்டேதான் ஸ்டோர்காரர் கிளம்பினார். போய்ப் பார்த்தால் விழா. மேடை, பூங்கொத்து, மண்டபம் நிறையக் குறும்படிப்பாளர்கள். அவரை நடுநாயகமாக உட்கார வைத்தார்கள். அவருடைய 'இருக்கையில் அமர்தல்' புதுப்பிக்கப்பட்டிருந்தது.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே! இந்த நாட்டில் வேலை இல்லாமல் போனதற்குக் காரணம் வேலை இல்லாததுதான் என்று சில விவரம் கெட்டவர்கள் சொல்லித் திரிகிறார்கள். இல்லை! கவனம் இல்லாததுதான் காரணம். வீடு கூப்பிடுகிறது, பிள்ளை கூப்பிடுகிறது, பெற்றவர்கள் கூப்பிடுகிறார்கள், நம் ஆட்கள் உடனே திரும்பிப் பார்த்துவிடுகிறார்கள். திரும்பிப் பார்ப்பவனை எந்த முதலாளி வைத்துக்கொள்வான்? திரும்பிப் பார்க்காத ஒரு மனிதரை உருவாக்க இந்த வாரியம் எவ்வளவு பாடுபட்டிருக்கிறது தெரியுமா? இதோ, உருவாக்கிவிட்டோம். பாருங்கள்!"

பின்னால் இருந்த பெரிய திரையில் ஸ்டோர்காரரின் முகம் வந்தது. முகம் மட்டும்தான். "ஏங்க," என்று மண்டபம் முழுக்கக் கேட்டது. "ஆடுதுங்க. ஒரு நிமிஷம் பிடிங்க." முகம் அசையவில்லை. "வாங்களேன்." கண் இமைகூட நகரவில்லை. விழுகிற சத்தம் ஒலிபெருக்கியில் இடி மாதிரி வந்தது. முன்வரிசையில் ஒருவர் உச்சுக்கொட்டினார், பரிதாபத்தால் இல்லை, வியப்பால். முகம் அப்படியே இருந்தது.

"பதினெட்டு வருடம் இந்தத் துறையில் இருக்கிறேன்," என்றார் இயக்குநர் தழுதழுத்து. "இப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. இனிமேல் இது நம்முடைய பாடம். இன்னொரு மகிழ்ச்சியான செய்தி. அந்தக் கவனச் சிதறலும் இன்று நம்மோடு வந்திருக்கிறார். அம்மா, மேடைக்கு வாங்க."

தம்பி தோளைப் பிடித்துக் கூட்டிவர, அவள் கட்டுப் போட்ட கையோடு ஏறி வந்தாள். 'ஒற்றைக் கையால் செய்யும் தொழில்கள்' என்ற குறும்படிப்பை அவளுக்கு இலவசமாகத் தருவதாக அறிவித்தார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை நீட்டினார்கள். அவள் இடது கையால் வாங்கிக்கொண்டாள்.

"என் குரல் இதுல நல்லாத்தான் கேக்குது," என்றாள். "அவருக்குக் கேட்டுச்சான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

மண்டபம் சிரித்தது. ஸ்டோர்காரர் எழுந்து நின்றார். இல்லை என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் இயக்குநர் அவர் காதோரம் குனிந்தார். நியமன ஆணை உறையில் போட்டு இயக்குநர் கையில்தான் இருந்தது.

"பார்த்துச் சொல்லுங்க. கேட்டும் திரும்பாததுக்குத்தான் விருது. கேக்கவே இல்லைன்னா அது கவனம் இல்லை, காது மந்தம். மருத்துவத் தகுதியில அடிபட்டுடும். ஆர்டர் தர முடியாது."

ஸ்டோர்காரர் உறையைப் பார்த்தார். இனிமேல் வீட்டில் சம்பாதிக்க இருப்பது அவர் ஒருவர்தான், அவள் கையும் போயிற்று, வேறு வழி என்ன இருக்கிறது என்று கணக்குப் போட்டார். கணக்கு சரியாகத்தான் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தார். இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்று அந்த முகம் கெஞ்சிக்கொண்டிருந்தது. அதைத் தெரிந்துகொள்ள அவருக்கு எந்தப் படிப்பும் வேண்டியிருக்கவில்லை.

"கேட்டுச்சு," என்றார்.

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. இயக்குநர் அவரைக் கட்டிப்பிடித்து உறையைக் கையில் வைத்தார். தட்டல் அடங்குவதற்குள் அவள் மைக்கை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போயிருந்தாள்.

அவர் வீடு வந்து சேர்ந்தபோது வாசலில் வேன் நின்றுகொண்டிருந்தது. அவள் துணிமணிகள் ஒரு பையில் அடங்கி அதில் ஏறியிருந்தன. தம்பி சமையலறை மூலையிலிருந்து தையல் மெஷினை நகர்த்திக்கொண்டிருந்தான்.

"எதுக்கக்கா இது? இப்பத்தான் தைக்க முடியாதே."

"கை தேறும். எடுத்து வை."

"இந்தாம்மா," என்றார் ஸ்டோர்காரர். "நமக்காகத்தானே சொன்னேன். நாளைக்கு வேலையில சேர்றேன். இனிமே உனக்கு என்ன குறை?"

அவள் மெஷினுக்கு வழிவிட்டு ஒதுங்கினாள். மெஷின் நிலைப்படியில் இடித்துக்கொண்டு ஒருபக்கமாகச் சாய்ந்தது. ஸ்டோர்காரர் உறையைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்தார்.

"விடுங்க," என்றாள் அவள். "தம்பி பிடிச்சுக்குவான்."

அவர் விட்டார்.